வெறுங்கால் விழுங்கிய பெயர்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருகிறார்கள். அங்கே வெறுங்கால் ஒரு விரதம். இந்தியக் கால்பந்தின் வெறுங்காலையும் அதே பக்தியோடு பார்க்க நாம் பழகிவிட்டோம் என்று தோன்றுகிறது.

ஆனால் அது விரதமல்ல. காய்ந்த, இறுகிய மைதானங்களில் உருவான ஆட்டப் பழக்கம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்கொண்ட இந்தியர்களில் பெரும்பாலோர் காலணி அணியவில்லை. கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. 70ஆம் நிமிடத்தில் முன்கள வீரர் சாரங்கபாணி ராமன் கோல் அடித்துச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என வென்றது.

வெறுங்கால் கதையாகி நிலைத்தது, ராமன் மறைந்துபோனார். 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா செல்லாததற்கும் வெறுங்காலையே காரணமாக்கினோம். அது காரணமல்ல என்று அணித்தலைவர் சைலன் மன்னாவே பின்னாளில் சொன்னார். 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்ற பிறகே காலணி கட்டாயமாயிற்று.

அந்த 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை வீழ்த்திய கோலை அடித்தவர் ஸ்பெயினின் டெல்மோ சார்ரா. லீக் ஆட்டங்களில் அதிக கோல் அடிக்கும் ஸ்பானிய வீரருக்கான விருது இன்று அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது.

தொன்மம் படைப்பது நமக்குக் கைவந்த கலை. ஆடியவனின் பெயரை நினைவில் வைத்திருப்பது அதைவிடக் கடினமான, அதைவிட நேர்மையான மரியாதை.