தாய்ப்பத்திரத்தில் தாய் எங்கே?

நம் நாட்டில் ஒருவனுடைய பூர்வீகம் என்னவென்று கேட்டால், ஏதாவதொரு ரிஷியின் பெயரைச் சொல்லுவான். அல்லது அக்கினியில் பிறந்த வம்சம் என்பான். அந்த ரிஷி எந்த ஊரில் குடியிருந்தார், எத்தனை காணி உழுதார், யாருக்கு வரி கட்டினார் என்று கேட்டால் மாத்திரம் வாய் திறக்க மாட்டான். ரிஷிக்குப் பட்டா ஏது?

மெக்சிகோ தேசத்தில் அநேகர் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். ஸ்பானியர் அங்கே முந்நூறு வருஷம் ஆண்டபோது எழுதிவைத்த நிலக்கிரயம், உயில், சீதனச் சீட்டு முதலியவைகளைத் துருவித் தங்கள் பாட்டன் பாட்டிமாரைக் கண்டுபிடிக்கிறார்கள். கதையைவிடக் காகிதம் மேல் அல்லவா?

நமக்கும் அந்த வசதி உண்டு. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த நம் கொட்டிவாக்கம், பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் கிராமம். அந்தச் சீமையை 1763-ல் நவாபிடம் ஜாகீராகப் பெற்ற கும்பினியார், 1767 முதல் 1774 வரை பர்னார்டு துரையைக் கொண்டு ஊர்களை அளந்து, எந்த ஜாதிக்கு எத்தனை வீடு, யாருக்கு எத்தனை பங்கு என்று கணக்கெடுத்தார்கள். பிறகு செட்டில்மெண்டுக் கணக்கும், ரிஜிஸ்டர் ஆபீஸ் பத்திரங்களும் வந்தன. பழைய பத்திரங்களில் ‘இன்னார் குமாரர் இன்னார், இன்ன ஜாதி, இன்ன ஜீவனம்’ என்றிருக்கும். ஒன்றில் தகப்பனாக வருகிறவன், அதற்கு முந்தியதில் மகனாக வருவான். இப்படியே சில தலைமுறை ஏறிவிடலாம். இப்போது மனை வாங்குகிறவன் முதலில் கேட்பதும் தாய்ப்பத்திரத்தைத்தான்.

ஆனால் அந்தத் தாய்ப்பத்திரத்தில் தாய் எங்கே? குமாரர், குமாரர் என்று ஆண்கள் வரிசைதான் அநேகமாக இருக்கும். பெண் தப்பித்தவறி வந்தாலும் இன்னாருடைய பாரியாளாகவோ, விதவையாகவோ வருவாள். பெற்றவள் இல்லாமலே வம்சம் வளர்ந்த அதிசயம் இது! ஸ்பானியர் மெக்சிகோ மக்களை வாட்டியவர்கள்தான். ஆனாலும் அவர்கள் சட்டப்படி தகப்பன் சொத்தில் மகளுக்கும் பொதுவாகச் சமபங்கு உண்டு. பங்கு இருந்ததால் அங்கே பாட்டியின் பெயரும் காகிதத்தில் ஏறியது. இங்கே பங்கு இல்லை; ஆகவே பெயரும் இல்லை.

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டென்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆயிற்று. இந்தியா முழுமைக்கும் 2005 ஆயிற்று. இன்னும் அக்காள் தங்கையரை அழைத்து, ஒரு சேலையைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளும் அண்ணன் தம்பிமார் எத்தனை பேர்! அந்தக் காகிதத்திற்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயராம். யாருக்கு, எதிலிருந்து விடுதலை?

பத்திரத்தில் இல்லாத மற்றொருவன் அந்த நிலத்தை உழுதவன். 1843-ல் அடிமைமுறைக்கு எதிரான சட்டம் வருமுன், நிலத்தோடு ஆளையும் சேர்த்து விற்றதுண்டு. மாட்டைப்போல அவன் சொத்தாக எழுதப்பட்டான். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் இவர்கள் நிலைமையை எழுதிய பிறகே, 1892-ல் பஞ்சமி நிலத்திற்கு உத்தரவு பிறந்தது. அதுவும் பிறர் கைக்குப் போய், 1994 அக்டோபரில் காரணை கிராமத்து நிலத்தைத் திரும்பக் கேட்டுப் போராடியவர்களில் இருவர் செங்கற்பட்டில் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். அவர்கள் கேட்டது வம்சப் பெருமையை அல்ல. பழைய கணக்கில் எழுதியிருந்த பாத்தியதையை.

ஆகவே தோழர்களே, பழைய பத்திரங்களைத் தாராளமாகத் தேடுங்கள். ‘என் பாட்டன் மிராசுதாரன்’ என்று மீசை முறுக்குவதற்காக வேண்டாம். யாருக்குச் சேரவேண்டியது யாரிடம் போயிற்று என்று அறிவதற்காகத் தேடுங்கள். உங்கள் வீட்டில் அடுத்தபடி எழுதப்போகும் பாகப்பிரிவினையில் மகளின் பெயரும், பங்கும் இருக்கட்டும். நூறு வருஷம் கழித்துத் தேடுகிறவனுக்கு ஒரு பாட்டியாவது அகப்படுவாள்.