தனிவழி நடப்போருக்கு

பேராதனையில் என்னோடு தமிழ் பயின்ற நண்பர் ஒருவர், சென்ற தவணை விடுமுறையின்போது சுருட்டிய வரைபடம் ஒன்றைக் கையில் ஏந்தியவராய் அட்டனில் உள்ள என் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கொழும்பு வாழ்க்கை அவருக்குச் சலித்துவிட்டது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கிக் கலஹா, லூல்கந்துரை, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல, கந்தப்பளை எனச் சுற்றி நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ’ நடைபாதையை முழுவதுமாகத் தனியே நடந்து முடிப்பதென்று தீர்மானித்திருந்தார். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி, இருபத்திரண்டு பகுதிகள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் அளித்த பணத்தைக் கொண்டு அண்மைக் காலத்தில் வகுக்கப்பட்டது. எப்போது புறப்படுவது, எதைச் சுமப்பது, எங்கே படுப்பது என்பவையே அவர் என்னிடம் கேட்ட கேள்விகள்.

முதல் இரண்டுக்கும் விடை சொல்வதில் சிரமமில்லை. மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளைத் தென்மேற்குப் பருவமழை நனைக்கும். ஆண்டின் கடைசி மாதங்களில் ஊவாப் பக்கம் நனையும். தையும் மாசியும் நடப்பதற்கு நல்ல மாதங்கள். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். இதற்கெனக் கடைகளில் விற்கும் விலையுயர்ந்த காலுறைகள் வருவதற்கு முன்பும் இம்மலைகளில் கால்கள் இருந்தன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய ‘டித்வா’ புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. மலை ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தது. ஆகவே அச்சிட்ட வரைபடத்தை நம்பாமல், ஒவ்வொரு பகுதியிலும் அவ்வூராரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அடியெடுத்து வைக்க வேண்டும் என்றேன். இவற்றையெல்லாம் அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அப்போது என் தாயார் தேநீர் கொண்டு வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். தம்பியின் குடும்பத்தோடு தோட்டத்து லயத்தில் வாழ்கிறவர். சந்தைக்கு வந்தவர் அன்று என் வீட்டில் தங்கியிருந்தார். விரித்துக் கிடந்த படத்தைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு தூரமும் தனியாவா தம்பி போறீங்க? கூட வர ஒருத்தரும் கெடைக்கலையா?” என்று மெய்யான இரக்கத்தோடு கேட்டார்.

நண்பர் சிரித்தார். தனிமைதான் தமக்கு வேண்டும், ஒரு மனித முகத்தையும் காணாமல் மூன்று மணி நேரமாவது மலையில் நடக்க வேண்டும் என்றார். அந்தச் சொல் என்னை உறுத்தியது. அவர் நல்லவர், முற்போக்குச் சிந்தனை உடையவர், அச்சொல்லை எண்ணிப் பார்த்துச் சொன்னவரும் அல்லர். இந்நடைபாதையைப் பற்றி எழுதும் பலரின் சொல்லும் அதுவே என்பதால்தான் அதை இங்கு விவாதத்துக்கு எடுக்கிறேன்.

தேயிலை மலையில் தனிமை ஏது? பச்சைக் கம்பளம் என்று வருணிக்கிறார்களே, அந்தச் சமதளம் தானாக அமைந்ததா? ஏழெட்டு நாளுக்கொரு முறை விரல்கள் வந்து கிள்ளிப் போவதனால் அமைந்தது. கிள்ளுவதை நிறுத்திவிட்டால் சில ஆண்டுகளில் அது மரக்காடாகிவிடும். காலில் தட்டும் ஒவ்வொரு கானும் ஒருவர் குனிந்து வெட்டியது. கவ்வாத்து வெட்டிய மலையில் நிற்கும் ஒவ்வொரு கட்டையும் ஒருவரின் கத்தி பட்டது. அவர் காண விரும்பாத மனித முகம் அவர் கண்முன் உள்ள காட்சி முழுவதிலும் இருக்கிறது. கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி, இடுப்பில் படங்கு சுற்றி, மலைக்கும் மடுவத்துக்குமாக நாளுக்கு மூன்று முறை ஏறி இறங்கிய என் தாயாரின் நடையையெல்லாம் நீட்டி வைத்தால் இந்த முந்நூறு கிலோமீற்றர் எந்த மூலைக்கு? அதற்கு எவரும் பகுதி பிரித்து இலக்கம் இடவில்லை.

நிற்க. துரைமார் காலத்தில் தேயிலை ஏற்றிச் சென்ற பழைய வழிகள் என்று இந்நடைபாதையின் பெருமை பேசப்படுகிறது. லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட வரலாறும் வழிநடப்போருக்குச் சொல்லப்படுகிறது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அதற்கும் முன்னர்க் கோப்பிக் காலத்திலேயே இம்மலைகளை நோக்கி வேறொரு நெடுநடை நடந்தது. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் எனப் பஞ்சம் துரத்திய சீமைகளிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்டவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே, நூறு மைலுக்கும் அதிகமாக நடந்து மாத்தளையை அடைந்தார்கள். காய்ச்சலும் கொலராவும் வழியிலேயே பலரைத் தின்றன. அவர்களுக்கு வரைபடம் இல்லை; திரும்பி வரும் நாளும் குறிக்கப்படவில்லை. அவர்களுடைய பயண ஏற்பாடு முழுவதும் கங்காணியிடம் வாங்கிய முன்பணக் கடன் ஒன்றுதான்.

அவர்கள் வந்து திருத்திய காடும் ஆளற்ற காடன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத நிலத்தையெல்லாம் முடிக்குரியதாக்கிற்று. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த கண்டிச் சிங்கள விவசாயியிடம் உறுதி ஏது? அவனிடமிருந்து பறித்த நிலத்தில், ஊரிழந்து வந்த தமிழனைக் கொண்டு பயிர் செய்தார்கள். பறிகொடுத்தவனையும் உழைத்தவனையும் ஒருவரையொருவர் பகைவராகப் பார்க்கச் செய்தமை அவ்வேற்பாட்டின் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதி.

பெயர்களைப் பாருங்கள். மகா எலிய என்ற சமவெளி 1834இல் ஓர் ஆளுநரின் பெயரால் ஹோர்ட்டன் சமவெளியாயிற்று. டன்சினன், ஹோலிரூட், பல்மோரல் என்று ஸ்கொத்லாந்து முழுவதையும் நம் மலைகளில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் தோட்டங்களுக்கு நம்மவர் இட்ட பெயர்கள் வேறு. மலைக்கு ஒரு பெயர், லயத்துக்கு ஒரு பெயர், ஓடைக்கு ஒரு பெயர். நண்பரின் வரைபடத்தில் அவற்றுள் ஒன்றுமே இல்லை. பங்களா எது, தொழிற்சாலை எது, நீர்வீழ்ச்சி எது என்றெல்லாம் குறித்திருந்தார்கள், பிள்ளைமடுவத்தைக் குறிக்கவில்லை.

அதே பாதையின் எதிர்த் திசையிலும் ஒரு நடை உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பின், 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்குப் பார்த்துப் பங்கிட்டது. ஒரே லயத்தின் இரு காம்பராக்கள் இரு நாடுகளாயின. அட்டன் நிலையத்தில் தலைமன்னார்க் கோச்சி ஏறியவர்கள், பாட்டன் நடந்துவந்த வழியே திரும்பினார்கள்.

2023இல் ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரையில், நம்மவர் நடந்தார்கள். இருநூறு ஆண்டுகளின் நினைவு நடை அது. நிலம், வீடு, சமத்துவமான குடியுரிமை என்று கோரிக்கைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர்களும் படுப்பதற்கு இடம் தேட வேண்டியிருந்தது. வழியில் எல்லா மதத்தாரும் இனத்தாரும் இடம் கொடுத்தார்கள். நண்பருக்கு இதைச் சொன்னபோது, தாம் அந்நாளில் செய்தித்தாளில் படித்ததாக நினைவு என்றார்.

இனி அவரது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எங்கே படுப்பது? என் வழக்கின் நடு இதுவே.

பணமுள்ளவர்க்குப் பழைய துரை பங்களாக்கள் இருக்கின்றன. அவற்றுட் பல இன்று விடுதிகளாகிவிட்டன. நடுத்தரத்தார்க்கு நகரங்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் அறைகள் உண்டு. ஆனால் பாதையின் பெரும்பகுதி ஊடுருவிச் செல்வது தோட்டங்களை. அங்கே வழி நெடுக இருப்பவை லயங்கள். அந்த லயத்துக் குடும்பம் ஏன் ஒரு வழிப்போக்கனுக்குப் பாயும் சோறும் கொடுத்து நாலு காசு பார்க்கக் கூடாது? 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயென அரசிதழில் வந்தது. பங்களாவில் ஒரு வெள்ளைக்காரர் ஓரிரவு உறங்கக் கொடுக்கும் பணம் அந்தச் சம்பளத்தில் எத்தனை நாள் என்பதை மாணவர்களிடம் கணக்காகக் கொடுக்கலாம், நான் கொடுத்திருக்கிறேன்.

கூடாது என்பதற்குக் காரணம் அவர்களுடைய சோம்பலும் அல்ல, அறியாமையும் அல்ல. அந்தக் காம்பரா அவர்களுடையதல்ல என்பதே காரணம். நிலம் அரசுக்கு உரியது. குத்தகை கம்பனிக்கு உரியது. நான்கு தலைமுறை பிறந்து இறந்த திண்ணை மட்டும் எவர்க்கும் உரியதல்ல. தனி வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் நிலம் பெற்றோர் சிலர், பெறாதோர் பலர். உறுதி இல்லாதவன் ஒரு தேநீர்க் கொட்டகை போடுவதற்கும் நிருவாகத்தின் கண்ணசைவுக்குக் காத்திருக்க வேண்டும். பாதையை வெட்டியவனுக்குப் பாதையோரத்தில் உட்கார்ந்து விற்க உரிமை இல்லை. உலகம் முழுவதும் வந்து நடக்கட்டும் என்று அவன் மலையைத் திறந்துவிட்டு, அவன் வாசலை மட்டும் அடைத்து வைப்பது எந்த வகை அபிவிருத்தி?

நிலமின்மை வருவாயோடு முடிகிற சங்கதியும் அன்று. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடமென்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எழுந்து போவதற்கு அம்மக்களுக்கென்று வேறு துண்டு நிலம் இருக்கவில்லை. நண்பர் ஹப்புத்தளை மேட்டிலிருந்து தெற்கே பார்க்கும் அழகிய காட்சியைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்திருந்தார். அந்தக் காட்சிக்குக் கீழேதான் அந்த இடம் உள்ளது.

நம் தோழர்களிலும் ஒரு சாரார், இந்நடைபாதையே ஏகாதிபத்தியப் பணத்தில் முளைத்த மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு, அதைப் புறக்கணிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. நடப்பது நல்லது. மலையைப் பார்க்காத இளைஞனுக்கு மலையகம் ஒரு பாடநூற் சொல்லாகவே நின்றுவிடும். நடப்பவர் இல்லாவிட்டால் உறுதிப்பத்திரம் நாளைக்கே கைக்கு வந்துவிடுமா? மறுசாரார், வெளிநாட்டார் வந்தால் பணம் தானே கசிந்து லயம் வரை இறங்கும் என்கிறார்கள். தேயிலைப் பணம் இத்தனை காலமாகக் கசியாத கரையில் சுற்றுலாப் பணம் கசியும் என்று நம்புவதற்கு ஆதாரம் என்ன என்று அவர்களைக் கேட்கிறேன். கேட்க வேண்டியது நிலம். அது கிடைத்தால் மற்றதைச் செய்துகொள்ளத் தெரிந்தவர்கள்தாம் நம் பெண்கள்.

‘தனியே’ என்ற சொல்லிலும் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. நண்பர் தனியே நடப்பதற்கு ஒரு பை போதும். என் வகுப்பில் உயர்தரம் படிக்கும் மாணவியர் அதே தேயிலைக்கூடாக நாள்தோறும் நடந்து வருகிறார்கள். மாலை வகுப்பு அரை மணி நீண்டுவிட்டால், இருட்டுமுன் சேர்ந்து போகத் துணையில்லை என்று பாடத்தை விட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். அவர்கள் நடக்கும் பகுதிக்கு வழிகாட்டிப் பலகை வந்துவிட்டது, விளக்கு வரவில்லை.

இவ்வளவையும் கேட்ட பின், நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. வரைபடத்தின் ஓரத்தில் என் தாயார் சொல்லச் சொல்ல நான்கைந்து தமிழ்ப் பெயர்களைப் பென்சிலால் எழுதினார். பிறகு, வழியில் ஓரிரவு எங்கள் லயத்திலேயே தங்கலாமா என்று கேட்டார். தாயாருக்குப் பெருமகிழ்ச்சி, கோழி அடிப்பது வரை பேச்சுப் போய்விட்டது. உடனே தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். “வரட்டும் அண்ணே, நமக்குச் சந்தோசந்தான். ஆனா வெளி ஆள் ராத்திரி தங்குறதுன்னா ஆபிஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் செய்யணும். நாளைக்குப் பெரட்டுல கணக்குப்பிள்ளைகிட்ட கேட்டுப் பார்க்கிறேன்” என்றான்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. நண்பரின் குறிப்பேட்டில் அந்த ஓர் இரவுக்கு நேரே இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.