பந்திங் வீட்டில் பாட்டு நின்றது ஏன்?

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எது கெட்டாலும், சொந்தக்காரர்கள் முதலில் நம்மைத்தான் அழைப்பார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை நிகழ்ச்சி முடிந்து வெளியே வருகிறேன். பந்திங்கிலிருந்து பெரியம்மா.

"கண்ணு, டிவியில பாட்டுப் போட்டி வரமாட்டேங்குது. நீ ரேடியோவுலதானே இருக்க, வந்து பாரும்மா."

"பெரியம்மா, நான் பேசுறவ. ஒயரு மாட்டுறவ இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான். மத்தியானம் மீன் குழம்பு."

அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது? பிரிக்பீல்ட்ஸில் முறுக்கு வாங்கிக்கொண்டு பந்திங்குக்கு வண்டியை விட்டேன்.

டிவியில் ஒரே ஒரு வரி. இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது என்று. தீபாவளி விடுமுறைக்கு வந்த அண்ணன், இந்தியச் சந்தா ஒன்றைப் போட்டு, ரவுட்டரில் ஏதோ எண்ணை மாற்றிவிட்டு ஜோகூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார். அதுவரை நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. வியாழக்கிழமை இடிமழையில் கரண்ட் போய் வந்தது. அதோடு பாட்டும் நின்றது.

முதலில், ஏன் இந்தத் தடை? ஊடகப் படிப்பில் நான் உருப்படியாகக் கற்றது இது. ஒரு நிகழ்ச்சியை ஒரு முறைதான் எடுப்பார்கள், ஆனால் பல முறை விற்பார்கள். இந்தியாவுக்கு ஒருவர் உரிமை வாங்குவார், மலேசியாவுக்கு இன்னொருவர். இந்திய உரிமை வைத்திருப்பவர் இங்கே காட்டக் கூடாது. அதனால் பார்ப்பவரின் ஐபி எண் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று பார்த்து, கதவைத் திறப்பார்கள் அல்லது மூடுவார்கள்.

அண்ணன் செய்த வேலையைப் பெரியம்மாவுக்கு அவர் பாஷையிலேயே சொன்னேன். அவர் வளர்ந்தது கோலலங்காட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும். யார் எந்த லயத்தில் இருக்கிறார் என்பது கிராணிக்குத் தெரியும். இணையத்தில் அந்தக் கிராணியின் பெயர்தான் டிஎன்எஸ். நாம் ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால், அது எந்த எண்ணில் இருக்கிறது என்று அவர் சொல்வார். அண்ணன் அந்தக் கிராணியை மாற்றிவிட்டார். புதியவர் மற்ற எல்லாவற்றுக்கும் சரியான விலாசம் சொல்வார். அந்த வீடியோ தளத்துக்கு மட்டும் இந்தியாவில் இருக்கும் தன் ஆள் ஒருவரின் விலாசத்தைக் கொடுப்பார். அந்த ஆள் நமக்காகப் போய்க் கேட்பார். தளமும் இந்தியாவிலிருந்து கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். டிஎன்எஸ் ப்ராக்ஸி என்பது இவ்வளவுதான்.

"அப்ப எதுக்கு நின்னுச்சு?" என்றார் பெரியம்மா. நியாயமான கேள்வி. உங்கள் வீட்டிலும் நின்றிருந்தால், இந்த வரிசையில் பாருங்கள்.

ஒன்று, வீட்டின் ஐபி எண். இந்தச் சேவைகள் பதிவு செய்த எண்ணுக்குத்தான் வழிவிடும். பல வீடுகளில் ரவுட்டர் அணைந்து எரிந்தால் எண் மாறிவிடும். சேவையின் பக்கத்துக்குப் போய்ப் புதிய எண்ணைப் பதிய வேண்டும். சில இணைப்புகளில் பல வீடுகள் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே இது நிலையாக ஓடாது.

இரண்டு, கருவி யாரைக் கேட்கிறது? சில ஸ்ட்ரீமிங் கருவிகள் ரவுட்டரில் நீங்கள் என்ன எழுதினாலும் பொருட்படுத்தாமல் கூகுளின் 8.8.8.8-ஐயே கேட்கும். ரவுட்டரில் ஐபிவி6 திறந்திருந்தால் அந்த வழியாகவும் கேள்வி நழுவிப் போகும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'பிரைவேட் டிஎன்எஸ்' போட்டிருந்தாலும் இதே கதைதான்.

மூன்று, பழைய ஞாபகம். கருவிகள் முன்பு கேட்ட விலாசத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். ரவுட்டரையும் டிவியையும் அணைத்து, சிறிது நேரம் விட்டுப் போடுங்கள்.

நான்கு, தளமே கண்டுபிடித்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரி 6-ஆம் தேதி மலேசியா, இந்தியா உட்பட 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே நாளில் திறந்தது. எட்டே நாளில், ப்ராக்ஸி வழியாக வருபவர்களைத் தடுக்கப் போவதாக அறிவித்தது. இந்த நான்காவதற்கு வீட்டில் மருந்து இல்லை. விதிமுறையிலும் இது கூடாது என்றுதான் பொதுவாக எழுதியிருப்பார்கள். கணக்கை முடக்கினால் சண்டை போட முடியாது.

பெரியம்மா வீட்டில் முதல் காரணம்தான். எண்ணைப் பதிந்தேன், பாட்டு வந்தது. மீன் குழம்பும் வந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணி மடிக்கணினியைத் திறந்து வங்கிப் பக்கத்துக்குப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் அந்த எண்ணைப் போட்டது டிவியில் அல்ல, ரவுட்டரில். அப்படியானால் அண்ணியின் வங்கி, தம்பியின் பள்ளிப் பாடம், பெரியம்மாவின் மருத்துவமனை என்று அந்த வீடு கேட்கும் விலாசமெல்லாம் அந்தப் புதுக் கிராணி வழியாகத்தான் போகிறது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

"யார் நடத்துற சேவைண்ணே?"

"தெரியலம்மா. ஃப்ரீதான். வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் கொடுத்தாரு."

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு கும்பலைப் பிடித்தது. 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற தீநிரலால் சுமார் 40 லட்சம் கணினிகளில் டிஎன்எஸ் எண்ணை மாற்றி, தங்களுக்கு வேண்டிய விளம்பரத் தளங்களுக்கு மக்களைத் திருப்பிவிட்ட கும்பல் அது. சில ரவுட்டர்களிலும் அது கைவைத்தது. அவர்களுடைய சர்வர்களுக்குப் பதிலாக வைத்த தற்காலிக சர்வர்களை 2012 ஜூலை 9-ஆம் தேதி நிறுத்தியபோது, அதுவரை எண்ணைத் திருத்தாதவர்களின் இணையம் நின்றுபோனது. கிராணி கெட்டவரானால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. இன்று வங்கித் தளங்களில் பூட்டுக் குறி இருக்கிறது. போலிப் பக்கம் என்றால் உலாவி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டி ஒருபோதும் போகாதீர்கள். ஆனால் நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்ற பட்டியல் கிராணியின் கையில் இருப்பதைப் பூட்டு தடுக்காது.

நம் நாட்டிலும் இது பெரிய விவாதமானது. 2024 செப்டம்பரில், வெளி டிஎன்எஸ் சேவைகளைக் கேட்கும் கேள்விகளையும் உள்ளூர் நிறுவனங்களின் டிஎன்எஸ்ஸுக்கே திருப்பிவிடும்படி தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சூதாட்டம், ஆபாசம், காப்புரிமை மீறல் ஆகியவற்றைத் தடுப்பதற்காக என்றார்கள். மக்கள் எதிர்த்தார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி, அதைத் தொடர வேண்டாம் என்று அமைச்சர் ஃபாமி ஃபட்சில் ஆணையத்திடம் கேட்டுக்கொண்டார். நானும் அன்று, "என் விலாசப் புத்தகம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன்" என்று நண்பர்களிடம் வீரமாகப் பேசினேன். அரசாங்கம் கேட்டபோது கொடுக்க மறுத்ததை, ஒரு பாட்டுப் போட்டிக்காக முகம் தெரியாதவரிடம் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறோம்.

அன்று மாலை ரவுட்டரில் இருந்த எண்ணை அழித்து, பழையபடி இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸுக்கே மாற்றினேன். ரவுட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். அது வாங்கிய நாளிலிருந்து மாறவே இல்லை! உங்கள் வீட்டில் இப்படி ஒரு சேவை வேண்டும் என்றே முடிவு செய்தால், யார் நடத்துகிறார் என்று தெரிந்த சேவையாகப் பாருங்கள். எண்ணை டிவியின் அமைப்பில் மட்டும் போடுங்கள், ரவுட்டரைத் தொடாதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். அந்த நிகழ்ச்சி இங்கேயே முறையாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். நான் தேடினேன். அண்ணி ஏற்கெனவே மாதாமாதம் காசு கட்டும் உள்ளூர்ச் சேவையிலேயே அது இருந்தது. ஆனால் ஒரு வாரம் பிந்தி வரும். பெரியம்மா என்ன சொல்வாரோ என்று தயங்கித்தான் சொன்னேன்.

"தோட்டத்துல மாசம் ஒரு படம் போடுவாங்க, திடல்ல பாய் விரிச்சிப் பார்ப்போம். ஒரு வாரம் லேட்டானா பாட்டு என்ன ஊசியா போயிடும்?" என்றார்.

அண்ணனின் சந்தாவை அன்றிரவே நிறுத்திவிட்டோம்.