வெள்ளை மை

எழுத்துப் பிழையை மறைக்கும் வெள்ளைத் திரவத்தை உருவாக்கியவர் ஒரு பெண் என்ற செய்தி நம்மில் பலருக்கும் வினாடி வினாக்கள் வழியாக அறிமுகமாகியிருக்கும். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் தட்டச்சராகவும் செயலராகவும் வேலைபார்த்த பெட்டி நெஸ்மித் கிரஹாம் (1924-1980) என்பது அவர் பெயர். மணமுறிவுக்குப் பின் ஒரு மகனைத் தனியே வளர்த்தவர். அவருடைய கதை வழக்கமாக இரண்டு விதங்களில் சொல்லப்படுகிறது. ஒன்று, தற்செயலாக ஒரு யோசனை தோன்றிக் கோடீஸ்வரியானவரின் கதை. மற்றொன்று, கண்ணீரும் வைராக்கியமும் கலந்து கடைசியில் வெற்றி வாகை சூடிய தாயின் கதை. இரண்டுமே அவரைப் பாராட்டுவது போலத் தோன்றினாலும் அவருடைய அறிவை மறைக்கவே செய்கின்றன என்பது நம் கருத்து. இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்களுக்கு, எழுத்தின் வரலாற்றில் நாம் தொடர்ந்து செய்துவரும் ஒரு விடுபடலோடு இந்த மறைப்புக்கு நேரடித் தொடர்பு உண்டு என்பதே நம் பதில்.

எழுதுபவர் வேறு, எழுத்தைத் தாளில் இறக்குபவர் வேறு என்ற பிரிவினை மிகப் பழையது. நம் ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் 'ஏடெழுதுவோர் பிழை' என்ற தொடர் மட்டும் தெரியும். அவர்கள் செய்த பிழையை நினைவில் வைத்துக்கொண்டு, அவர்கள் செய்த காரியத்தை மறந்துவிட்டோம். 'போரும் அமைதியும்' நாவலின் பக்கங்களை மீண்டும் மீண்டும் நகலெடுத்தவர் சோஃபியா தல்ஸ்தயா. 1866 அக்டோபரில் 26 நாட்களில் 'சூதாடி' நாவலை தஸ்தயேவ்ஸ்கி சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்தவர் அன்னா ஸ்னித்கினா. அடுத்த ஆண்டு அவரையே தஸ்தயேவ்ஸ்கி மணந்துகொண்டதால் அப்பெயர் நிலைத்தது. ஹென்றி ஜேம்ஸ் தன் இறுதிக்காலத்தில் வாய்மொழியாகச் சொன்ன வாக்கியங்களை 1907 முதல் தட்டச்சு செய்தவர் தியோடோரா பொசான்கே. 1924இல் அவர் ஜேம்ஸைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை எழுதியதால் அவரை ஓரளவு அறிகிறோம். அப்படி எழுதாதவர்கள், எழுத்தாளர்களை மணக்காதவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

தட்டச்சு இயந்திரம் வந்த தொடக்க ஆண்டுகளில் ஆங்கிலத்தில் 'டைப்ரைட்டர்' என்ற சொல் இயந்திரத்தையும் குறித்தது, அதை இயக்கிய பெண்ணையும் குறித்தது. பின்னாளில் 'கம்ப்யூட்டர்' என்று நாம் அறிந்த சொல்லும் முதலில் கணக்கிடும் வேலையைச் செய்த மனிதர்களையே குறித்தது. அவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். இயந்திரமும் பெண்ணும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டதை வெறும் சொல்லாராய்ச்சித் துணுக்காக நாம் கொள்ள வேண்டியதில்லை. இயந்திரத்துக்குச் சிந்தனை கிடையாது என்ற எண்ணம் அதை இயக்கியவள் மீதும் படிந்துவிட்டது என்றே படிக்க வேண்டும்.

*

பெட்டியின் வாழ்க்கையில் எழுத்தும் ஓவியமும் தொடக்கத்திலிருந்தே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவருடைய தாய் பின்னல் நூல் கடை நடத்தியவர், மகளுக்கு வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தவர். பெட்டிக்கு ஓவியராக வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் 17 வயதில் பள்ளிப்படிப்பை விட்டார். திருமணம், 1942 இறுதியில் மகன், போர் முடிந்த கையோடு மணமுறிவு. தட்டச்சுத் தெரியாமலேயே ஓர் அலுவலகத்தில் செயலர் வேலைக்குச் சேர்ந்து பிறகுதான் அதைக் கற்றுக்கொண்டார். விட்ட பள்ளிப்படிப்பை இரவு வகுப்புகளில் முடித்தார். 1951 வாக்கில் டல்லாஸில் உள்ள டெக்சாஸ் வங்கியொன்றில் உயர் அதிகாரியின் செயலர் என்ற நிலைக்கு வந்திருந்தார். ஒரு பெண் அக்காலத்து அலுவலகத்தில் எட்டக்கூடிய உச்சம் ஏறத்தாழ அதுவே.

அந்த ஆண்டுகளில் அலுவலகங்களுக்கு மின் தட்டச்சுகள் வந்து சேர்ந்தன. விசையை லேசாகத் தொட்டாலே எழுத்து விழும். துணிநாடாவுக்குப் பதிலாகக் கார்பன் படல நாடா. அச்சு பளிச்சென்று இருந்தது. ஆனால் ரப்பரால் அழிக்கப் போனால் கரி தாளெங்கும் இழுபட்டது. முன்பு ஓர் எழுத்தைத் தேய்த்துச் சரிசெய்ய முடிந்த இடத்தில் இப்போது முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். இயந்திரத்தின் வடிவமைப்பாளர்களுக்கு இது ஒரு முன்னேற்றம். அதன் முன் உட்கார்ந்தவருக்கு இது மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம். வீட்டில் பிள்ளை காத்திருக்கும் ஒருத்திக்கு அந்த ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்பதை எந்த விற்பனைக் கையேடும் எழுதாது.

பண்டிகைக் காலத்தில் உபரி வருமானத்துக்காக வங்கியின் கண்ணாடிச் சன்னல்களில் படம் தீட்டும் வேலையிலும் அவர் ஈடுபட்டார். அப்போது அவர் கவனித்த ஒன்றை அவரே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்: தீட்டுபவர்கள் தவறை அழிப்பதில்லை, அதன் மேல் தீட்டிவிடுகிறார்கள். நீரில் கரையும் டெம்பெரா வண்ணத்தைத் தாளின் நிறத்துக்கு ஏற்பக் கலந்து ஒரு சிறு புட்டியில் ஊற்றி, நீர்வண்ணத் தூரிகை ஒன்றோடு அலுவலகத்துக்கு எடுத்துச்சென்றார். அவர் திருத்திய இடம் மேலதிகாரியின் கண்ணில் படவில்லை.

இதைத்தான் 'தற்செயல்' என்கிறார்கள். சன்னலில் படம் தீட்டியவர்கள் அந்த ஊரில் பலர் இருந்திருப்பார்கள். கரி இழுபட்டதால் அவதிப்பட்ட தட்டச்சர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இரண்டையும் ஒரே உடலால் செய்து, இரண்டுக்கும் உள்ள உறவைக் கண்டவர் அவர். தாள் எவ்வளவு ஈரம் தாங்கும், எந்த வெள்ளை எந்தத் தாளோடு ஒட்டும், காய்ந்த பின் அதன் மேல் அடிக்கும் எழுத்து உதிராமல் நிற்குமா என்பதெல்லாம் அன்றாடம் தாளைத் தொடுபவருக்குக் கைவரும் அறிவு. ஆய்வகத்தில் வெள்ளங்கி அணிந்த ஒருவர் இதே முடிவுக்கு வந்திருந்தால் நாம் அதை ஆராய்ச்சி என்போம். செயலர் ஒருத்தி வந்தால் அதிர்ஷ்டம் என்கிறோம்.

*

நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது அவர் அதைச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஏறக்குறைய மறைவாகவே பயன்படுத்தினார் என்பது. பிழையைத் திருத்தும் திறமை ஒரு பெருமையாகக் கருதப்படாத இடம் அது. பிழை செய்ததற்கான ஒப்புதலாகவே அது எடுத்துக்கொள்ளப்படும். ஒரே வருமானத்தை நம்பிப் பிள்ளை வளர்ப்பவர் அப்படியொரு ஒப்புதலை மேலதிகாரியிடம் எப்படிக் கொடுப்பார்? ஆகவே அவருடைய தனித்தாய் நிலையைக் கதைக்கு உருக்கம் சேர்க்கும் பின்னணியாக நாம் பார்க்க முடியாது. வேலையை இழக்கும் அச்சம் அந்தப் புட்டியைப் பிறப்பித்தது. அதே அச்சம் அதை ஐந்து ஆண்டுகள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தது.

உடன் வேலைபார்த்த பெண்கள் கேட்கக் கேட்கத்தான் 1956இல் 'மிஸ்டேக் அவுட்' என்ற பெயரோடு அதை விற்கத் தொடங்கினார். சமையலறை மிக்ஸியில் கலவை. மகனின் பள்ளி வேதியியல் ஆசிரியரிடம் ஆலோசனை. வண்ணத் தொழிற்சாலையில் வேலைபார்த்த ஒருவரிடம் அரைப்பதும் கலப்பதும் பற்றிய பாடம். புட்டிகளில் நிரப்பியவர்கள் மகன் மைக்கேலும் அவனுடைய நண்பர்களும். (இந்த மைக்கேல் நெஸ்மித் பின்னாளில் 'தி மங்க்கீஸ்' இசைக்குழுவில் புகழ்பெற்றார்.) பகலில் அலுவலகம், இரவில் சமையலறை. ஐபிஎம் நிறுவனத்தை அணுகியபோது அவர்கள் ஏற்கவில்லை. 1958இல் பெயர் 'லிக்விட் பேப்பர்' ஆனது. அதே காலத்தில், வேலைபார்த்த இடத்தின் கடிதமொன்றில் தவறுதலாகத் தன் நிறுவனத்தின் பெயரை அடித்துவிட்டதால் வேலையும் போயிற்று.

வேலைநீக்கத்தைச் சொல்லும்போது பலரும் ஒரு சிரிப்போடு கடந்துவிடுகிறார்கள். பிழையை மறைக்கும் மருந்தைக் கண்டவரே பிழையால் மாட்டிக்கொண்டாராம். நமக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வேலைகளைத் தூக்கமின்றிச் சுமந்த ஒரு பெண்ணின் கை எங்கே தடுமாறியது என்று அந்தக் கடிதம் காட்டுகிறது, அவ்வளவே.

அதன் பிறகு நடந்தவை வணிக வரலாறு. சுருக்கமாகச் சொல்லலாம். 1968 வாக்கில் சொந்த ஆலையில் ஆண்டுக்கு 10 லட்சம் புட்டிகள். 1975இல் இரண்டரைக் கோடி. 1962இல் செய்துகொண்ட இரண்டாம் திருமணம் 1975இல் முறிந்தது. அதைத் தொடர்ந்து நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்காகவும் தனக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகைக்காகவும் முன்னாள் கணவரோடு அவர் போராட வேண்டியிருந்தது. 1979இல் 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு நிறுவனம் ஜில்லட்டுக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம், 56 வயதில் மறைந்தார்.

*

ஒரு முதலாளியின் வெற்றியை இலக்கியப் பக்கங்களில் கொண்டாடலாமா என்ற ஆட்சேபம் எழலாம். நியாயமான ஆட்சேபமே. முயன்றால் எவரும் பெட்டியாகலாம் என்று சொல்வது நம் நோக்கமல்ல. அது பொய்யும்கூட. அவரைப் போலவே அறிவும் தேவையும் கொண்டு, சமையலறையில் கலக்கிப் பார்க்க ஓர் இரவுகூட வாய்க்காமல் ஓய்வுபெற்ற தட்டச்சர்களே மிகுதி. வென்ற ஒருத்தியைக் காட்டி மற்றவர்களின் வாய்ப்பின்மையை அவர்களுடைய குறையாக்குவது சுயமுன்னேற்ற நூல்களின் வேலை.

நாம் கவனிக்க விரும்புவது, கையில் பணமும் அதிகாரமும் வந்தபோது அவர் என்ன செய்தார் என்பதை. 1970களில் கட்டிய தலைமையகத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைத்தார். ஒரு நூலகமும் அமைத்தார். பெண்களின் கலைக்கும் தொழிலுக்கும் துணைநிற்க இரண்டு அறக்கட்டளைகளை நிறுவினார். தனக்கு எது இல்லாமல் போயிற்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது: பிள்ளையை விட்டுச்செல்ல ஓர் இடம், படிக்க ஓர் இடம், தீட்ட ஓர் அவகாசம். இந்தியாவில் 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்தது 2017இல். சட்டம் வருவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே ஒரு முன்னாள் தட்டச்சருக்கு அது அடிப்படைத் தேவையாகத் தெரிந்திருக்கிறது. இரக்கம் என்று இதற்குப் பெயரிட மாட்டோம். அனுபவம் கொள்கையாக மாறியதன் சான்று இது.

நம் பக்கமும் பார்க்கலாம். 'லோயர்', 'ஹையர்' தேர்வுகளை முடித்துவிட்டால் பெண்ணுக்கு ஒரு வழி பிறந்துவிடும் என்று தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. தட்டச்சுப் பயிலகங்களின் ஓசையில் வளர்ந்த தெருக்கள் எத்தனையோ. அங்கே கற்ற விரல்களே பின்பு கணினி அச்சுக்கோப்புக்கு வந்தன. எழுத்துரு மாறினால் உருக்குலையும் பக்கங்களையும், ஒற்று விடுபட்ட வரிகளையும், எழுத்தாளரின் கையெழுத்துப் புதிர்களையும் அவை சரிசெய்தன. நம் நவீன இலக்கியத்தில் கணிசமான பகுதி அப்படித்தான் அச்சேறியது. நூலின் உரிமைப் பக்கத்தில் 'ஒளியச்சு' என்ற சொல்லுக்கு எதிரே சில சமயம் ஒரு பெயர், பல சமயம் ஒரு கடையின் பெயர். அவர்கள் மொழியோடு கொண்ட உறவை எழுத்தறிவு என்று நாம் கணக்கிடுவதில்லை. கணினியோடு கொண்ட உறவைத் தொழில்நுட்ப அறிவு என்றும் எவரும் கணக்கிடுவதில்லை. இரு வீட்டிலும் உறவு உண்டு, இலை மட்டும் எந்த வீட்டிலும் போடுவதில்லை.

எழுத்திலிருந்து தொழில்நுட்பத்துக்குப் போன பெண்ணைப் பற்றிப் பேசும்போது 'எதிர்பாராத' என்ற அடைமொழியைத் தவறாமல் சேர்க்கிறோம். எதிர்பாராதவர் யார்? நாம்தான். தாளையும் மையையும் விசையையும் நாள்தோறும் கையாண்டவர் அவற்றைப் பற்றிப் புதிதாக ஒன்றைச் சிந்திப்பது இயல்பான அடுத்த படி. அந்தப் படியை அவர் ஏறும்போது வியக்கிறோம் என்றால், அதுவரை அவர் சிந்திக்கவில்லை என்று நினைத்திருந்தோம் என்றே பொருள்.

பிரெஞ்சுப் பெண்ணியச் சிந்தனையாளர் எலேன் சிக்ஸு, 1975இல் வெளிவந்த 'மெதூசாவின் சிரிப்பு' கட்டுரையில், பெண்ணின் எழுத்தைத் தாய்ப்பாலோடும் வெள்ளை மையோடும் இணைத்துப் பேசினார். அதே ஆண்டில் டல்லாஸ் ஆலை இரண்டரைக் கோடி புட்டி வெள்ளை மையை உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒன்று உருவகம், மற்றொன்று சரக்கு. இரண்டையும் ஒன்றெனச் சொல்ல மாட்டோம். ஆனால் முதலாவதைப் பற்றி நம் இதழ்களில் ஏராளமாக எழுதியிருக்கிறோம், இரண்டாவதைச் செய்தவரை வினாடி வினாவுக்கு விட்டுவிட்டோம்.

கணினித் திரையில் ஒரு விசையைத் தட்டினால் பிழை தடமின்றி மறையும் காலம் இது. வெள்ளைப் புட்டிக்கு இனி பெரிய வேலை இல்லை. ஆனால் பிரதியைச் செப்பம் செய்யும் கைகளுக்கு வேலை குறையவில்லை. அடுத்த முறை ஒரு நூலோ இதழோ நம் பொறுப்பில் வெளிவரும்போது, தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், பக்கம் வடிவமைத்தவர் ஆகியோரின் பெயர்களை முழுமையாக அச்சிடுவோம். அவர்களுக்குரிய ஊதியத்தை எழுத்தாளருக்குப் பிரதி அனுப்பும் நாளுக்கு முன்பே கொடுப்போம். பிழை இருந்தால் மட்டும் அவர்களை நினைவுகூரும் நம் பழைய வழக்கத்தை அங்கிருந்து மாற்றத் தொடங்கலாம்.