புடமேரு வழி தவறவில்லை

2024 செப்டம்பரில் விஜயவாடாவின் சிங் நகர்ப் பகுதி நீரில் மூழ்கியபோது, புடமேரு ‘ஊருக்குள் புகுந்துவிட்டது’ என்றே பலரும் எழுதினர். மைலவரத்துக் குன்றுகளில் தோன்றிக் கிழக்கே கொல்லேரு ஏரியை அடையும் ஆற்றுக்கு அத்தாழ்நிலம் புகுமிடமா? அங்குப் பின்னால் வந்து புகுந்தது நகரம்தான்.

பிழை பெயரிலிருந்தே தொடங்குகிறது. தெலுங்கில் ‘ஏரு’ என்றால் ஆறு. கொல்லேருவுக்கு நீர் தரும் தம்மிலேருவிலும், அந்நீரைக் கடல்சேர்க்கும் உப்புட்டேருவிலும் இருப்பது அச்சொல்லே. புடமேருவை மட்டும் ‘வடிகால்’ என்று குறிப்பது வசதியான வழக்கம். வடிகாலுக்கு இரு கரை போதும். ஆற்றுக்கோ வெள்ளச் சமவெளி வேண்டும். அதில் மனைப்பிரிவு போடுவது கடினம்.

கொல்லேருவுக்குச் செல்லும் வெள்ளத்தை வெலகலேரு மதகருகே திருப்பிப் பிரகாசம் தடுப்பணைக்கு மேலே கிருஷ்ணாவில் விடும் கால்வாயே நகரின் காப்பு எனப்பட்டது. ஒரே மழையில் இரண்டு ஆறுகளும் பெருகினால் என்ன ஆகும்? அம்முறை தடுப்பணையில் நொடிக்கு 11 லட்சம் கன அடிக்கு மேல் நீர் சென்றது. நிறைந்தோடும் கிருஷ்ணா கால்வாய் நீரை எப்படி ஏற்கும்? கால்வாயின் இடக்கரை மூன்று இடங்களில் உடைந்தது. அடைக்க இராணுவம் வரவேண்டியிருந்தது. அக்கால்வாயையே இன்னும் அகலப்படுத்துவது தீர்வு என்போர், கிருஷ்ணா மட்டம் தாழ்ந்திருக்கும் நாளில்தான் மழை பெய்யும் என்று நம்புகிறார்கள் போலும்.

கொல்லேருவின் நிலையோ இன்னும் மோசம். 1999இல் ஐந்தடிச் சமவுயரக் கோட்டுக்குள் 308 சதுர கிலோமீட்டர் சரணாலயமாயிற்று. 2002இல் ராம்சர் தகுதியும் கிடைத்தது. 2006இல் மீன் குளங்களின் கரைகள் பெருமளவில் உடைக்கப்பட்டன. பின்னர் குளங்கள் திரும்பி வந்தன. ஏரிப் படுகையில் கரை எழுந்தால் வரும் நீர் தேங்குமிடம் குறைகிறது; வெளியேற உப்புட்டேரு ஒன்றே வழி. ஆயினும் நகர வெள்ளத்தை ஆராய்வோர் பெரும்பாலும் மாநகர எல்லையில் நின்றுவிடுகின்றனர். ஏரியை ஆராய்வோர் கூழைக்கடாக்களை எண்ணத் தொடங்குகின்றனர். இடைப்பட்ட ஆறு எந்தத் துறைக்கும் உரியதாகவில்லை.

வெள்ளத்துக்குப் பின் ‘ஆபரேஷன் புடமேரு’ என்று அரசு அறிவித்தது. ஆக்கிரமிப்பு அகற்றுவதென்றால் முதலில் அளக்கப்படுவது கரையோரக் குடிசையே என்பது இந்திய நகரங்களில் பழகிய நடைமுறை. அளவுச் சங்கிலி கொல்லேருவின் மீன் குளக் கரையிலிருந்து மேல்நோக்கி வரட்டும். வழியில் மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் அளித்த கோப்புகளும் திறக்கப்படட்டும். சிங் நகரின் முறை அதற்குப் பின்னரே.