டெப்பா, மடிக்கணினியா?

பெரும்போக நெல்லை விற்ற பணம் போதாமல் மனைவியின் காப்பையும் அடகு வைத்துவிட்டுக் கடை வாசலில் நிற்கும் கமக்காரத் தந்தையின் கேள்வி இது. பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு டெப் வாங்குவதா, மடிக்கணினி வாங்குவதா? கடைக்காரர் விலை குறைந்ததைக் காட்டுகிறார். பிள்ளை அழகானதைக் காட்டுகின்றது. தெரிவு தவறினால் மிஞ்சுவது அடகு வட்டி மட்டுமே. ஆகவே இதனைச் சிறு கேள்வியென்று நாம் தள்ளிவிட முடியாது.

2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே, உயர்தர மாணவர்க்கு டெப் வழங்கும் முன்மொழிவு இடம்பெற்றது. ஆயினும் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எந்தக் கருவியென்று தீர்மானிக்கும் சுமை பெற்றோர் தலையிலேயே விழுந்தது. இன்றும் அச்சுமை அவர்களுடையதே.

இரு பக்க நியாயங்களையும் ஆராய்வோம். டெப் எடை குறைந்தது. சிறிய மின்னேற்றியே அதற்குப் போதும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை எவர் மறந்தார்? அத்தகைய நாட்களில் இது பெரிய வசதியே. கடந்தகால வினாத்தாள்களை வாசிக்கவும், பேனாவினால் குறிப்பெழுதவும் அது ஏற்றது. நாமும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட வழக்கேடுகளை நீதிமன்றத்திலே டெப்பில்தான் புரட்டுகின்றோம்.

ஆனால் மனுவை அதிலே வரைகின்றோமா? இல்லை. கண்ணாடியை விரலால் தட்டி இருபது பக்கம் எழுத முயன்று, அன்று மாலையே மடிக்கணினிக்குத் திரும்பினோம். பொறியியல் வரைபடம், கணக்கியல், புள்ளிவிபரம் ஆகியவற்றுக்கான முழுமையான மென்பொருள்கள் பெரும்பாலும் மடிக்கணினிக்கென்றே ஆக்கப்பட்டவை. டெப்புக்கு விசைப்பலகையும் பேனாவும் உறையும் தனித்தனியே வாங்கிக் கூட்டிப் பார்த்தால், மலிவு என்று எண்ணியது மலிவாய் இராது. பழுதுபார்ப்பதும் மடிக்கணினியிலேயே பொதுவாக எளிது.

எனவே எமது தீர்ப்பு இது: வாசிப்பவர்க்கு டெப், எழுதுபவர்க்கு மடிக்கணினி. சந்தை விலையும் வானிலையும் அறிய விரும்பும் கமக்காரருக்குக் கையிலுள்ள தொலைபேசியே போதும். பல்கலைக்கழக மாணவர்க்கு மடிக்கணினியே வேண்டும். 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி சேமிப்பகமும் உள்ளதா எனக் கேளுங்கள். உத்தரவாதத்தோடு கிடைக்குமாயின், பாவித்த கணினியை வாங்குவதில் இழிவு ஏதுமில்லை. லிப்ரே ஓபிஸ் போன்ற இலவச மென்பொருள் இருக்க, அதற்கெனப் பணம் செலவழிக்கவும் வேண்டியதில்லை. கடையிலேயே ஒரு பக்கம் தமிழில் தட்டெழுதிப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.

இதை ஏன் இத்துணை வற்புறுத்துகின்றோம்? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தகவல் கோரும் உரிமையை அளித்தது. ஆனால் ஏட்டிலுள்ள உரிமை தானாக நடந்து வீட்டுக்கு வருவதில்லை. அதைக் கேட்டு எழுதும் கை வேண்டும். தமிழ்த் தட்டச்சுப்பொறியை ஆக்கித் தந்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்தவர். அம்மண்ணின் பிள்ளைகள் பிறர் எழுதியதைப் பார்த்திருப்பதோடு அமைவதா?

காப்பை அடகு வைத்த தாய்க்கு நாம் சொல்வது ஒன்றே: உங்கள் பிள்ளை எழுதட்டும்!