பெட்டிக்கடை சோடாவும் மனித நொதியும்

கோலி சோடாவைக் குடித்ததும் மூக்கில் ஏறுகிறதே ஒரு நெடி, அது கரியமில வாயுவின் வேலை. அதே வாயு உங்கள் உடலிலும் ஓயாமல் உண்டாகிறது. அதை நீரோடு சேர்த்துப் பைகார்பனேட்டாக மாற்றி, நுரையீரலுக்குப் பயணப்பட வைக்கும் நொதி ஒன்று செங்குருதி அணுக்களில் இருக்கிறது. பெயர், கார்பானிக் அன்ஹைட்ரேஸ். பெயர் வாயில் நுழைய மறுக்கும், வேகமோ அபாரம்! நம் உடலிலுள்ள இதன் இரண்டாம் வகையில், ஒரே மூலக்கூறு விநாடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் கரியமில வாயு மூலக்கூறுகளை மாற்றிவிடும்.

1933இல் மெல்ட்ரம், ரஃப்டன் என்ற இருவர் கேம்பிரிட்ஜில் இதை மாட்டு இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். இன்று மனித நொதி வேண்டுமென்றாலும் யாரும் இரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. அதற்குரிய மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி வளர்க்கிறார்கள். அது 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும்; பெருகப் பெருக நமக்கு வேண்டிய நொதியையும் செய்துதரும். நொதியின் நுனியில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை ஆறு முறை அடுக்கி வால்போல ஒட்டியிருப்பார்கள். பாக்டீரியாவை உடைத்து, அந்தச் சாற்றை நிக்கல் ஏற்றிய மணிகளின் வழியே ஊற்றினால் வால் உள்ளது ஒட்டிக்கொள்ளும், மற்றவை பெரும்பாலும் கழுவப்பட்டுப் போய்விடும்.

கண்நீர் அழுத்த நோய்க்குத் தரப்படும் அசெட்டசோலமைடு, இந்த நொதியைத் தடுத்தே வேலை செய்கிறது. அத்தகைய புதிய மருந்துகளைத் தேடுவோருக்கு மனித நொதியே தேவை. மாட்டின் நொதி சற்றே வேறுபட்டது.

நம் கல்லூரிகள் பலவற்றில் இந்த நொதி கரும்பலகையில் படமாக மட்டுமே இருக்கிறது. புட்டியில் வாங்கினால் விலை அதிகம் என்கிறார்கள். வாங்குவானேன்? செய்யலாமே! மரபணு ஆய்வுக்கான நொதிகளைத் தயாரிக்க பெங்களூரில் 1989இலேயே பெங்களூர் ஜெனீ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. குலுக்கும் கருவியும் மையவிலக்குக் கருவியும் உள்ள முதுநிலைக் கல்லூரி, உயிரிப் பாதுகாப்பு விதிகளின்படி அனுமதி பெற்று, சில மில்லிகிராம் நொதியைத் தானே தயாரிக்க முடியும்.

தயாரித்தால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். நான் இயற்பியல்காரன், இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். 'தூய்மையானது' என்று லேபிள் சொல்லலாம். சென்னையின் மே மாத வெயிலில் குளிர்பெட்டி இரண்டு நாள் நின்றுபோனால் புட்டியின் எடை குறையாது. நொதியின் திறன் குறைந்துவிடும். இதை அறியாமல் ஒருவர் அந்த நொதியை வைத்து மருந்தின் வலிமையைக் கணக்கிட்டால் விடை தவறாகவே வரும்.

அளப்பதோ எளிது. லேசான காரக் கரைசலில் புரோமோதைமால் நீலம் இரண்டு சொட்டு விடுங்கள். ஐஸில் குளிர்ந்த சோடாவை ஊற்றியதும் கடிகாரத்தை ஓட விடுங்கள். நீலம் மெல்ல மஞ்சளாகும். அடுத்து, துளி நொதி சேர்த்து அதையே செய்யுங்கள், சட்டென்று மாறும். இரண்டு நேரங்களின் வேறுபாட்டைக் குறைந்த நேரத்தால் வகுத்தால் நொதியின் திறன் கிடைக்கும். ஐஸ் அவசியம், இல்லையேல் நொதியில்லாத வினையே விரைந்து முடிந்து, வேறுபாட்டை மறைத்துவிடும்.

மாங்காட்டிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ படிக்கும் நீங்கள் நாளை கல்லூரியில் சேரும்போது இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். சோடாவும் ஐஸும் தெருக்கடையில் கிடைக்கும். நொதியைக் கல்லூரி தரட்டும்.